ஆளுக்குப் பாதி நாடகம்

எங்கள் வீட்டில் ஏழு மணி நாடகத்தை அப்பா பார்ப்பார், அம்மா கேட்பாள்.

அப்பாவுக்குக் காது கேட்காது. அம்மாவுக்கு அந்த நேரம் அடுப்படியில் வேலை இருக்கும். டிவி மாட்டியிருக்கும் சுவருக்குப் பின்பக்கம்தான் அடுப்படி. சத்தம் அவளுக்கு நன்றாகவே வரும், படம் தெரியாது. விளம்பரம் போட்டதும் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு முன்னறைக்கு வந்து அப்பாவுக்கு எதிரே உட்காருவாள். கேட்டதை அவள் கையால் சொல்வாள். பார்த்ததை அவர் வாயால் சொல்வார்.

"மூத்த மருமக அழுதா பாரு, அது பொய் அழுகை. கண்ணத் தொடச்சா, தண்ணியே இல்ல" என்று அப்பா தெருவுக்கே கேட்கிற குரலில் சொல்வார். தன் குரல் எவ்வளவு தூரம் போகிறது என்று அவருக்குத் தெரியாது. அம்மா உள்ளங்கையைக் கீழே அழுத்திக் காட்டுவாள், மெதுவாகப் பேசச் சொல்லி. பிறகு காதோரம் விரல்களைக் குவித்து ஒரு பெரிய தோடு காட்டுவாள். அது மாமியார். வகிட்டில் விரலை இழுத்தால் இளைய மருமகள். இல்லாத மீசையை முறுக்கினால் கொழுந்தன். இரண்டு கையாலும் சட்டைக் கழுத்தை இழுத்துவிட்டால் வக்கீல். மாமியார் வக்கீலிடம் போய் இளையவளைப் பற்றி இல்லாததையெல்லாம் சொல்லிவிட்டாள் என்பதை அம்மா நாலு அசைவில் முடித்துவிடுவாள். அப்பா தொடையில் தட்டிக்கொண்டு, "நாந்தான் சொன்னேன்ல, அவ மூஞ்சியே சரியில்லன்னு" என்பார்.

அந்த டிவியை வாங்கியது நான்.

அப்பா நார்த்தாமலைப் பக்கம் கல்குவாரியில் வேலை பார்த்தவர். கம்ப்ரசர் வைத்துப் பாறையில் துளை போடுவது அவர் வேலை. காதில் பழைய துணியைச் சுருட்டி அடைத்துக்கொண்டு இருபது வருடத்துக்கு மேல் அதைச் செய்தார். நான் ஆறாம் வகுப்பிலிருந்து புதுக்கோட்டையில் விடுதியில் தங்கிப் படித்தேன். அப்பா வழியிலும் அம்மா வழியிலும் பள்ளிக்கூடத்தில் நிலைத்தவள் நான்தான் முதல். பிறகு திருச்சியில் கல்லூரி. ஒவ்வொரு லீவுக்கு வரும்போதும் அப்பாவிடம் முன்பைவிடக் கொஞ்சம் உரக்கப் பேச வேண்டியிருந்தது. ஒரு பொங்கலுக்கு வந்தபோது எவ்வளவு உரக்கப் பேசினாலும் பயனில்லை என்று ஆகியிருந்தது. அவர் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார். நான் சொன்னது எப்படியோ அவருக்கு விளங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அவர் காது போன வருடங்களில் நான் வீட்டில் இல்லை. அந்தக் கை பாஷையை அவர்கள் இரண்டு பேரும் அப்போதுதான் உண்டாக்கிக்கொண்டார்கள். எனக்கு அது தெரியாது. சோறு, தண்ணீர், வா, போ என்பது மட்டும் தெரியும். மற்றதையெல்லாம் அம்மாவிடம் சொல்லி, அம்மா அவரிடம் சொல்லுவாள்.

ஆனால் அந்தப் பாஷையிலும் அவர்களுக்குப் பேச அதிகம் இருக்கவில்லை. நான் படிப்பு முடித்துப் புதுக்கோட்டையில் ஒரு கணினி மையத்தில் வேலைக்குச் சேர்ந்து தினமும் வீட்டிலிருந்து போய்வர ஆரம்பித்தபோது கவனித்தேன். ஆடு வந்ததா, மாத்திரை போட்டாயா, அவ்வளவுதான். அப்பா வேலையை விட்டிருந்தார். காது கேட்காதவரை வெடி வைக்கிற இடத்தில் நிறுத்தக் குவாரிக்காரர்களுக்கே பயம். பகல் முழுக்க வீட்டில் ஒரு நாற்காலியில் இருப்பார். அம்மா நூறு நாள் வேலைக்கும் ஆட்டுக்கும் போய் வருவாள். அரசாங்கம் கொடுத்த பழைய டிவி ஒன்று மூலையில் இருந்தது. அதன் படம் சின்னது. அதில் வரும் முகங்கள் அப்பாவுக்கு வெறும் அசைவுதான். காது போனவருக்குக் கண்ணும் அதில் நிலைக்கவில்லை.

சம்பளம் வாங்க ஆரம்பித்த இரண்டாம் வருடம், வைகாசியில், ஆள் கைவிரித்து நிற்கிற அகலத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு டிவி வாங்கிக்கொண்டு வந்து சுவரில் மாட்டினேன். "எதுக்குடி இம்மாம் பெருசு? நாம என்ன தேட்டரா நடத்தப் போறோம்?" என்றாள் அம்மா. பழைய டிவியைக் காயலான் கடைக்குப் போடவும் அவளுக்கு மனமில்லை. "நல்லாத்தான இருக்கு, அது பாட்டுக்கு ஒரு ஓரமா கெடந்துட்டுப் போகுது" என்றாள். நான் கேட்கவில்லை. இடத்தை அடைக்கிறது என்று தூக்கிக் கொடுத்துவிட்டேன்.

புது டிவியில் முகங்கள் அப்பாவின் முகத்தைவிடப் பெரியதாக வந்தன. முதல் வாரம் அவர் செய்தி பார்த்தார், கபடி பார்த்தார், மிருகங்கள் ஓடுவதைப் பார்த்தார். இரண்டாம் வாரம் நாடகத்தில் நின்றுவிட்டார். முகத்தை வைத்தே கதையை ஊகித்து அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டார். அம்மா அடுப்படியிலிருந்து வந்து அவர் ஊகித்ததில் எது சரி, எது தப்பு என்று காட்டினாள். அப்படித்தான் அது தொடங்கியது. ஆவணி வாக்கில் அவர்கள் பேச்சு நாடகத்தையும் தாண்டிவிட்டது. கொழுந்தன் மாதிரியே மீசை வைத்த ஒருவரைக் கல்யாண வீட்டில் பார்த்ததை அம்மா காட்டினாள். அப்பா சிரித்துச் சிரித்து இருமினார். வேலை முடிந்து ஸ்கூட்டரில் வந்து வாசலில் நிற்கும்போது அந்தச் சிரிப்பு கேட்கும். இது நான் வாங்கிக் கொடுத்தது என்று நினைத்துக்கொண்டே செருப்பைக் கழற்றுவேன்.

தை மாதம் ஒரு நாள் திரையின் வலது பக்கம் மேலிருந்து கீழாகக் கோடுகள் விழுந்தன. சாம்பல் நிறத்தில் நெருக்கமான கோடுகள். அப்பா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உற்றுப் பார்த்து, "அந்த ஊர்ல மழ போல இருக்கு" என்றார். அம்மாவும் நானும் சிரித்துவிட்டோம். மறுநாள் மழை பாதித் திரைக்கு வந்தது. இடது பக்கத்தில் நின்ற இளைய மருமகள் தெரிந்தாள், அவளைத் திட்டிக்கொண்டிருந்த மாமியார் தெரியவில்லை. அந்த வாரக் கடைசியில் முழுத் திரையும் சாம்பலாகிவிட்டது. சத்தம் மட்டும் எந்தக் குறையும் இல்லாமல் வந்தது.

எட்டு மாதம்தான் ஆகியிருந்தது.

அம்மா வழக்கம்போல் ஏழு மணிக்கு டிவியைப் போட்டு அடுப்படியில் கேட்டாள். விளம்பரத்தில் வந்து அப்பாவுக்குச் சொல்லிப் பார்த்தாள். தோடு காட்டினாள், மீசை முறுக்கினாள். ஆனால் அப்பாவிடம் திருப்பிச் சொல்ல எதுவும் இல்லை. அவருடைய பாதி போய்விட்டது. வெறுமனே சேதி கேட்பவர் மாதிரித் தலையசைத்தார். மூன்றாம் நாள் அம்மா காட்டிக்கொண்டிருக்கும்போதே எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். அதன்பிறகு அந்த நேரத்தில் பஸ் நிறுத்தத்துத் திண்டில் போய் உட்கார ஆரம்பித்தார். போகிற வருகிற பஸ்களைப் பார்த்துவிட்டுச் சாப்பிடும் நேரத்துக்கு வருவார். ஆடு வந்ததா, மாத்திரை போட்டாயா என்ற இடத்துக்கு இரண்டு பேரும் திரும்பிவிட்டார்கள்.

கம்பெனியோடு மல்லுக்கு நிற்பது என் வேலை என்று எடுத்துக்கொண்டேன். எனக்கு அது கைவந்த வேலையும்கூட. எங்கள் மையத்துக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் மனு எழுத வருகிறவர்கள்தான். பட்டா மாறவில்லை, உதவித்தொகை நின்றுவிட்டது, ரேஷன் அட்டையில் பேர் தப்பு. உட்கார வைத்து ஒவ்வொன்றாகக் கேட்பேன். என்றைக்கு நடந்தது, யாரைப் பார்த்தீர்கள், அவர் என்ன சொன்னார். மறந்துவிட்டேன் என்றால் யோசித்துச் சொல்லுங்கள் என்று காத்திருப்பேன். எழுதி முடித்து வாசித்துக் காட்டாமல் யாரையும் கையெழுத்துப் போட விடமாட்டேன். "அந்தப் புள்ளகிட்ட குடுத்தா வேல நடக்கும்" என்று எனக்கொரு பெயர் உண்டு.

போனில் ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து என்று பாட்டுப் போட்டுக் காக்க வைத்தார்கள். பிறகு புகாரை எழுத்தில் அனுப்பச் சொன்னார்கள். ஆங்கிலத்தில் மூன்று பக்கம் எழுதினேன். திரை நேரடி வெயில் படாத சுவரில் மாட்டப்பட்டது, மின்னழுத்தம் சீராக இருக்கக் கருவி வைக்கப்பட்டுள்ளது, ஒரு சொட்டு நீரோ வேறு திரவமோ எந்த நாளிலும் அதன் மேல் பட்டதில்லை. இதையெல்லாம் எழுதும்போது அம்மா எனக்கு நாலடி தள்ளி உட்கார்ந்து புளி ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"என்னத்த இம்புட்டு எழுதுற?" என்றாள்.

"ஒனக்குப் புரியாதும்மா. இங்கிலீஷு" என்றேன்.

இரண்டு வாரம் கழித்துக் கம்பெனியிலிருந்து சர்வீஸ் ஆள் ஒருவர் வந்தார். என் வயதுதான் இருக்கும். அவருக்காக நான் அரை நாள் லீவு போட்டிருந்தேன். அப்பாவும் நாற்காலியில் இருந்தார். டிவியை இறக்கிக் கட்டிலில் போர்வை விரித்துக் கவிழ்த்துப் போட்டு ஸ்குரூக்களைக் கழற்றினார் அந்த ஆள். அம்மா மோர் கொண்டுவந்து வைத்தாள்.

"குடிங்க தம்பி. வெயில்ல வந்திருக்கீங்க. சரியாயிருமா?"

"பாத்துட்டுச் சொல்றேம்மா."

கீழ்ச் சட்டத்தை எடுத்ததும் அவர் கை நின்றது. இடது மூலையில், கண்ணாடிக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவில், காய்ந்துபோன மஞ்சள் பற்று ஒன்று இருந்தது. அதில் ஒரு சிவப்புத் தீற்றல். அவர் செல்போனில் அதைப் படம் பிடித்தார். இன்னொரு கோணத்திலும் பிடித்தார்.

"என்னங்க மேடம் இது?"

நான் குனிந்து பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை. அம்மாவுக்குத் தெரிந்தது.

"சந்தனம் தம்பி. ஆயுத பூசைக்கு நாந்தான் வச்சேன்" என்றாள், விருந்தாளி சமையலைப் பற்றிக் கேட்டால் சொல்கிற முகத்தோடு. "அருவா, மம்பட்டி, கிரைண்டரு எல்லாத்துக்கும் வைக்கிறதுதான. இது புள்ள வாங்குனது, இதுக்கு வைக்காம விடலாமா? நல்லா ஈரத்துணியால தொடச்சுட்டு வச்சேன். நடுவுல வச்சா இவுக அப்பாவுக்கு மூஞ்சி மறைக்கும்னு ஓரமா, கீழ வச்சேன்."

அந்த ஆயுத பூஜைக்கு நான் வீட்டில் இல்லை. ஒரு தேர்வு எழுத மதுரை போய் இரண்டு நாள் கழித்துத்தான் வந்தேன். அதற்குள் அம்மா பொட்டைத் துடைத்து எடுத்துவிட்டிருந்தாள்.

"லிக்விட் உள்ள போயிருக்கு மேடம். இது வாரண்டில வராது" என்றார் அந்த ஆள். பிறகு தன் செல்போன் திரையை நகர்த்திப் பார்த்துவிட்டு, "ஆனா நீங்க ஒரு சொட்டுத் தண்ணிகூடப் படலன்னு எழுதியிருக்கீங்க" என்றார். அவர் கிண்டலாகக்கூடச் சொல்லவில்லை. எழுதியிருப்பதைச் சொன்னார், அவ்வளவுதான்.

நான் எழுதியது பொய்யென்று எவரும் அதுவரை சொன்னதில்லை. அந்த ஆள் பக்கம் திரும்ப முடியாமல் அம்மா பக்கம் திரும்பினேன்.

"ஒனக்கு அறிவு இருக்கா? டிவியும் மம்பட்டியும் ஒண்ணா? எதத் தொட்டாலும் நாசம் பண்ற. நாலு எழுத்து தெரிஞ்சிருந்தா இந்த வேலயச் செய்வியா நீ?"

இன்னும் சொன்னேன். அவை இங்கே வேண்டாம். சர்வீஸ் ஆள் ஸ்குரூக்களை எண்ணுவதுபோல் குனிந்துகொண்டார். அம்மா காலி மோர்ச் செம்பைக் கையில் வைத்தபடி நின்றிருந்தாள். நான் மூச்சு வாங்கிய இடைவெளியில், "நீ எங்கிட்ட கேக்கலயே ஆத்தா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். செம்பை வைத்துவிட்டு ஆட்டுக் கொட்டகைப் பக்கம் போய்விட்டாள்.

அந்த ஆள் செல்போனை நீட்டினார். வந்து பார்த்ததற்கு ஒரு கையெழுத்து என்றார். சீக்கிரம் போனால் போதும் என்று விரலால் கிறுக்கிக் கொடுத்தேன். அதில் என்ன எழுதியிருந்தது என்பதை மெயிலில் வந்த பிறகுதான் படித்தேன். வாடிக்கையாளரின் கவனக்குறைவால் ஏற்பட்ட சேதம் என்பதை ஒப்புக்கொள்கிறேன், இது குறித்து மேற்கொண்டு புகார் செய்யமாட்டேன்.

அவர் போன பிறகுதான் அப்பா அங்கே இருப்பது நினைவுக்கு வந்தது. நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தார். நடந்ததில் ஒரு சொல்கூட அவருக்குக் கேட்டிருக்காது.

"ஏத்தா, இங்கிட்டு வா" என்றார். போய் எதிரே நின்றேன்.

"குவாரியில ஒரு மேஸ்திரி இருந்தான். மெஷின் ஓடுறப்ப அவன் பேசுறது ஒருத்தன் காதுலயும் விழாது. ஆனாலும் பேசுவான். பக்கத்துல வந்து மூஞ்சிக்கு நேரா நின்னு பேசுவான். என்ன சொல்றான்னு கேக்க வேண்டியதே இல்ல. மூஞ்சியப் பாத்தாப் போதும், நாம மனுசனே இல்லன்னு சொல்றான்னு தெரிஞ்சிரும்." என் முகத்துக்கு நேராகக் கை நீட்டினார். "இன்னக்கி ஒன் மூஞ்சி அப்புடி இருந்துச்சு."

அவர் சத்தமாகத்தான் சொன்னார். அவருக்கு வேறு மாதிரிச் சொல்லத் தெரியாது. கொட்டகையில் அம்மாவுக்கும் கேட்டிருக்கும், பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும். நான் நெஞ்சில் கையை வைத்து ஏதோ காட்டினேன். தப்பு, மன்னிப்பு, அந்த மாதிரி ஒன்று. அவர் தலையை ஆட்டி, "எங்கிட்ட இல்ல" என்று கொட்டகைப் பக்கம் கை காட்டினார்.

கொட்டகைக்குப் போனேன். அம்மா ஆட்டுக்குத் தின்ன வேப்பங்குழை கட்டிக்கொண்டிருந்தாள். அவள் என்னைப் பார்த்து, "ஒனக்கு நேரமாச்சு, ஆபீசுக்குக் கெளம்பு" என்றாள். சொல்ல வந்ததைச் சொல்லாமலே கிளம்பிவிட்டேன். அன்று சொல்லியிருக்க வேண்டும்.

அன்று மாலையிலிருந்து அம்மா டிவியைச் சத்தத்துக்காகக்கூடப் போடவில்லை.

கீரனூரில் டிவி பழுது பார்க்கும் கடை ஒன்று இருப்பதாக மையத்துக்கு வந்த ஒருவர் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை டிவியைப் போர்வையில் சுற்றி ஷேர் ஆட்டோவில் ஏற்றினோம். அப்பா ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பிடித்துக்கொண்டோம். நடுவில் உட்கார இடமில்லாமல் ஒரு பெரியம்மா முட்டி இடிக்க உட்கார்ந்திருந்தார்.

"என்னண்ணே, மகளுக்குச் சீர் சாமானா?" என்று அப்பாவைக் கேட்டார்.

அப்பாவுக்குக் கேட்கவில்லை. சிரித்துத் தலையாட்டினார்.

"மாப்ள எந்த ஊரு?"

அதற்கும் தலையாட்டினார். "அவருக்குக் காது கேக்காதுங்க. டிவி ரிப்பேருங்க" என்றேன். "அதான பாத்தேன், இப்பல்லாம் சீரு லாரியிலதான போகுது" என்று அந்த அம்மாள் சிரித்தார். வேறு நாளாக இருந்தால் வீட்டுக்குப் போனதும் இதை அம்மாவிடம் சொல்லியிருப்பேன், அம்மா அப்பாவுக்குக் காட்டியிருப்பாள்.

கடையில் வயிற்றைப் பிளந்து போட்ட டிவிக்கள் சுவரோரம் சாய்ந்து நின்றன. மெக்கானிக் நாற்பது வயதுக்காரர். நடந்ததைச் சொன்னேன். அவர் கீழ்ச் சட்டத்தை எடுத்து அந்த மஞ்சள் பற்றைப் பார்த்தார், நகத்தால் சுரண்டினார். அது பொருக்காக உதிர்ந்தது. பிறகு விளக்கை வலது மூலைக்குக் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"இங்க பாரும்மா. சந்தனம் இந்த மூல. பிளாஸ்டிக்குலயே காஞ்சு நின்னுருச்சு, உள்ள ஈரமே எறங்கல. ஒட்டு விட்டது எது? அந்த மூல. மூணடி தள்ளி. படத்தக் கொண்டு வர்ற இந்தப் பட்டையெல்லாம் கண்ணாடியில ஒட்டித்தான் வரும். இந்த செட்டுல ஒட்டு சரியாப் புடிக்கல, சூடு ஏற ஏற விட்ருச்சு. இதே ஒட்டு விட்ட கேசு இன்னும் ரெண்டு அங்க கெடக்கு பாரு."

"அப்ப சந்தனம் காரணம் இல்லையாண்ணே?"

"சந்தனமா? நம்ம ஊர்ல பொட்டு வைக்காத டிவி எங்க இருக்கு? இந்தா, என் சால்டரிங் அயனுக்கே பொட்டு வச்சிருக்கேன், வேல செய்யாமயா போச்சு?" என்று சிரித்தார். "கம்பெனிக்கு எழுதிப் போடு. மாத்திக் குடுத்துத்தான் ஆகணும்."

"கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேண்ணே. என் தப்புன்னு."

"படிச்சுப் பாக்காமயா?"

நான் போர்வையை மடிக்க ஆரம்பித்தேன். "சரி விடு, பழைய பேனல், அதான் இந்தத் திரை, ஒண்ணு வருது, போட்டுத் தாரேன். பதினஞ்சு இருவது நாளு ஆகும்" என்றார். நாங்கள் பேசியதெல்லாம் புரியாமல் அப்பா எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எப்படிக் காட்டுவது? இடது மூலையைக் காட்டி நெற்றியில் பொட்டு வைப்பதுபோல் காட்டினேன். இல்லை என்று கையை ஆட்டினேன். வலது மூலையைக் காட்டினேன். அவர் யோசித்து, "அங்கயும் பொட்டு வச்சாளா?" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் நேரே அம்மாவிடம் போனேன். அம்மியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, சந்தனத்தால இல்லையாம்."

"சரி."

"செட்டே சரியில்லையாம். மெக்கானிக் காட்டுனாரு. நீ வச்ச பக்கம் ஒண்ணுமே ஆகல. அந்த கம்பெனிக்காரன் பொய் சொல்லிட்டான்."

"அவன் சொன்னான். நீ கேட்டுக்கிட்ட" என்றாள். தண்ணீரை ஊற்றித் தேய்த்தாள். "ஊருக்கெல்லாம் கேட்டுக் கேட்டு எழுதிக் குடுக்குறியாம்ல. பெருமையாத்தான் சொல்றாக எல்லாரும்."

"தப்புதாம்மா. நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

"எனக்குத்தான் எழுத்து தெரியாதே, நெசமாத்தான சொன்ன" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டுச் சமாதானம் ஆகியிருப்போம். உப்பு விலை சொல்வதுபோல் சொன்னாள். பிறகு குழவியை எடுத்து அம்மிமேல் வைத்துவிட்டு எழுந்துவிட்டாள். அதற்கு மேல் இதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை. சாப்பாடு போடுவாள், டிபன் கட்டித் தருவாள், மழை வரும்போல் இருக்கிறது கோட்டு எடுத்துக்கொள் என்பாள். நான் வாங்கிய எதையும் தொடவேண்டி வந்தால் மட்டும், "இதத் தொடலாமா?" என்று கேட்பாள். மிக்சியைப் போடவும் கேட்டாள். அவள் குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே கேட்டாள். அதுதான் தாங்கவில்லை.

மாசிக் கடைசியில் டிவி திரும்பி வந்தது. படம் முன்பு போலவே தெளிவாக இருந்தது. ஏழு மணிக்கு நான் போட்டேன். அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கதை எங்கேயோ போயிருந்தது. மூத்த மருமகள் ஜெயிலில் இருந்தாள். இளையவள் கண்ணாடி போட்டுக்கொண்டு ஏதோ ஆபீசில் உட்கார்ந்திருந்தாள்.

"இவ எப்ப ஜெயிலுக்குப் போனா?" என்றார் அப்பா.

விளம்பரம் வந்தது. அப்பா அடுப்படி வாசலைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். உள்ளே பாத்திரச் சத்தம் கேட்டது. அம்மா வரவில்லை. அப்பா அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பாத்திரச் சத்தமும் கேட்காது. அவள் வந்துகொண்டிருக்கிறாள் என்றுதான் நினைத்திருப்பார். நான் எழுந்து அடுப்படிக்குப் போனேன்.

"அம்மா, அப்பா காத்துக்கிட்டிருக்காரு."

"எனக்கு வேல கெடக்கு. நீதான் இருக்கியே, நீ சொல்லு."

நானே போய் அவருக்கு எதிரே உட்கார்ந்தேன். தோடு காட்டினேன். அது அவருக்குப் புரிந்தது. மாமியார் யாரோ ஒருவருக்குப் பணம் கொடுத்துச் சாட்சி சொல்ல வைத்திருக்கிறாள். அதை எப்படிக் காட்டுவது? கட்டை விரலையும் ஆட்காட்டி விரலையும் தேய்த்தேன், வாயைக் காட்டினேன், கையை முறுக்கினேன். அப்பா என் கைகளையே மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தார், தெரியாத ஊரில் வழி கேட்கிறவர் மாதிரி. செல்போனில் பெரிதாக எழுதிக் காட்டலாமா என்று கை போய்விட்டது. அவருக்கு எழுத்தும் தெரியாது.

"வெளங்கலத்தா. விடு" என்றார். "நான் சும்மா பாக்குறேன்."

பத்துப் பன்னிரண்டு நாள் அவர் சும்மா பார்த்தார். விளம்பரம் வரும்போது அடுப்படிப் பக்கம் திரும்புவதையும் விட்டுவிட்டார். ஒரு நாள் மறுபடியும் பஸ் நிறுத்தத்துக்குப் போனார். அவ்வளவுதான் என்று எனக்குத் தோன்றிவிட்டது. எதைக் காப்பாற்ற அந்த மூன்று பக்கத்தை எழுதினேனோ, அதை என் வாயாலேயே கெடுத்துவிட்டேன்.

பங்குனியில் மையத்தில் வேலை கூடி, நாடகம் முடிந்த பிறகுதான் வீட்டுக்கு வர முடிந்தது. ஒரு நாள் அங்கே கரண்ட் போய்விட்டது. வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்பிவிட்டேன். எங்கள் தெருவில் வைக்கோல் இறக்கிக்கொண்டிருந்ததால் வண்டியை முனையிலேயே நிறுத்திவிட்டு நடந்தேன். வீட்டு ஜன்னல் திறந்திருந்தது. அப்பாவின் சிரிப்பு கேட்டது. அந்தப் பழைய சிரிப்பு, இருமலில் போய் முடிகிறது.

ஜன்னல் வழியே பார்த்தேன். டிவி ஓடிக்கொண்டிருந்தது. அம்மா அப்பாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்திருந்தாள். அடுப்படியில் விளக்குகூட இல்லை. எல்லா வேலையையும் முன்கூட்டியே முடித்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறாள். இரண்டு கைகளும் காற்றில் இருந்தன. நான் அந்த வேகத்தில் அவள் பேசிப் பார்த்ததே இல்லை. தோடு, வகிடு, மீசை எல்லாம் வந்து போயின. அப்பா ஏதோ கேட்டார். அம்மா இடது உள்ளங்கையில் வலது விரலால் எழுதுவதுபோல் காட்டினாள். அப்பா தலையசைத்தார்.

நாடகத்தில் அப்படி யாரும் இல்லை. கொஞ்சம் நேரம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது, அது நான் என்று. எனக்கும் ஒரு கை அசைவு வைத்திருக்கிறார்கள். அதற்கப்புறம் அம்மா மூன்று நான்கு அசைவுகள் காட்டினாள், மெதுவாக. அவள் முகம் எனக்குத் தெரியவில்லை, முதுகுதான் தெரிந்தது. அப்பாவின் முகம் தெரிந்தது. அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டு அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பற்றி என்ன சொன்னாள் என்று ஒன்றும் புரியவில்லை.

செருப்பைக் கழற்றினேன். கதவு திறந்த சத்தத்துக்கு அம்மா திரும்பினாள். கைகள் மடியில் இறங்கிவிட்டன.

"இன்னக்கி என்ன வெள்ளனா வந்துட்ட? சோறு போடவா?" என்று எழுந்து அடுப்படிக்குப் போனாள். விளக்கைப் போடும் சத்தம் கேட்டது. அப்பா டிவி பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் அவருக்குப் பக்கத்தில் நின்று கொஞ்சம் நேரம் பார்த்தேன். விளம்பரம் வந்தது. அம்மா வரவில்லை. நான் அந்த அறையில் இருக்கும்வரை வரமாட்டாள் என்று தெரிந்துவிட்டது.

இப்போது மையத்திலிருந்து எவ்வளவு சீக்கிரம் கிளம்பினாலும் பஸ் நிறுத்தத்தில் வண்டியை நிறுத்தி அந்தத் திண்டில் உட்கார்ந்துகொள்கிறேன். யாராவது கேட்டால் போன் வரவேண்டியிருக்கிறது என்கிறேன். நாடகம் முடிகிற பாட்டு எங்கள் வீட்டிலிருந்து அந்தத் திண்டு வரை கேட்கும். அது முடிந்து இன்னும் கொஞ்சம் நேரம் விட்டு, வழியிலேயே அம்மாவுக்குக் கேட்கும்படி இரண்டு தடவை ஹாரன் அடித்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறேன்.